நாணல் காட்டில் மூத்தவள்

பள்ளி நூலகத்தின் ஜன்னலோரம் நின்று நூலக டீச்சர் பெர்டினா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லுகாசுகாய் மலைமேல் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. இடித்துத் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவளுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, நாற்காலியில் இருந்த லவோனாவை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லவோனா பெர்டினாவின் சித்தி மகள். கையில் இருந்தது லவோனாவே எழுதிய புத்தகம்.

சூரியன் வீடு, சிலந்திப் பெண் என்று வரும் குளிர்காலக் கதைகளை முதல் உறைபனி விழுந்த பிறகுதான் எடுக்க வேண்டும். வசந்தத்தின் முதல் இடி கேட்டுவிட்டால் சொல்லவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. தூக்கம் கலைந்த பாம்பும் கரடியும் காது கொடுத்துக் கேட்கும். இந்தப் பூர்வகுடி மண்ணில் இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். லவோனாவும் டிசம்பரிலேயே போனில் சொல்லியிருந்தாள், "இடிக்கு முன்னாடி ஒரு நாள் பாத்து வைக்கா, நீ சொல்ற தேதிக்கு வந்துர்றேன்." ஜனவரியில் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் காலியாக இருந்தன. பரீட்சை, பனி, ஹீட்டர் ரிப்பேர் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, மார்ச் இரண்டாம் வெள்ளியைக் குறித்தாள் பெர்டினா. தெரிந்தேதான் குறித்தாள்.

பொறாமைதான், வேறென்ன. சின்ன வயதில் பனியில் ஆடு மேய்க்கும்போது சூரியன் வீட்டுக்குப் போகும் வழியையெல்லாம் புதிது புதிதாகக் கதை கட்டிச் சொன்னது பெர்டினா. கூடவே நடந்து "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டது மட்டும்தான் லவோனாவின் வேலை. பெர்டினாவும் பதினோரு வருஷமாக ஒரு நோட்டில் அந்தக் கதையை எழுதுகிறாள், நான்காம் அத்தியாயத்தைத் தாண்டியபாடில்லை. 'அப்புறம்' கேட்டவள் புத்தகம் போட்டுவிட்டாள், அட்டையில் படம் வேறு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

காலையில் வந்து இறங்கிய லவோனாவிடம் பெர்டினா, "என்னடி, ஃபீனிக்ஸ்ல தண்ணி தீந்துபோச்சா, இந்தப் பக்கம் வந்துட்ட?" என்றாள்.

"தண்ணியெல்லாம் இருக்குக்கா. உன் வாய் மாதிரி ஒரு வாய்தான் அங்க கெடைக்கல" என்று சிரித்தாள் லவோனா.

இப்போது அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் அப்பாவைத் தேடிச் சூரியன் வீட்டுக்குப் போகிறார்கள். பூமிக்கடியில் குடியிருக்கும் சிலந்திப் பெண் ஒரே ஒரு இறகைக் கொடுத்து அனுப்புகிறாள். ஒன்றோடொன்று மோதி நசுக்கும் பாறைகளைத் தாண்டியாயிற்று. அடுத்தது, கத்தியாக வெட்டும் நாணல் காடு. மூத்தவள் யோசிக்கும்போதெல்லாம் சடை நுனியைக் கடிக்கிறாள். "டீச்சர் மாதிரியே!" என்று முன்வரிசையில் இருந்த ஷாண்டீன் பக்கத்துப் பிள்ளையின் விலாவில் இடித்தாள். பெர்டினா அவசரமாகத் தன் சடையை வாயிலிருந்து எடுத்தாள்.

நன்றாகத்தான் எழுதியிருந்தாள், பாவி. மேகத்தைப் பார்க்கவே பெர்டினாவுக்கு மறந்துபோயிற்று. இறகு ஒருத்தியைத்தான் தாங்கும். மூத்தவள் தங்கையை அதில் ஏற்றி அக்கரைக்குத் தள்ளிவிட்டாள். நாணல்கள் மூத்தவளைச் சுற்றி மூடிக்கொண்டன. அக்கரையில் இறங்கிய தங்கை திரும்பிப் பார்த்தாள்.

மலைமேல் இடி உருண்டது. ஜன்னல் அதிர்ந்தது.

இந்த வரியை மட்டும் முடித்துவிடுவாள், நகரத்துக்காரிதானே என்று பெர்டினா நினைத்தாள். லவோனாவோ பாதி வார்த்தையிலேயே புத்தகத்தை மூடிவிட்டாள்.

"ஒரே ஒரு வரி ஆன்ட்டி!"

"பாம்பு வந்து உன் மடியில உக்காந்து கேட்டா பரவாயில்லையா? இனிமே உறைபனி விழுந்தப்புறம்தான்."

பையன்கள் சட்டென்று கால்களை மடக்கிக்கொண்டார்கள். ஆனால் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. வரப்போகிற அக்டோபரில் முதலில் யாருக்குப் புத்தகம் என்று பெயர் எழுதச்சொல்லி நாற்பது பேரும் பெர்டினாவின் மேஜையை மொய்த்தார்கள். கேட்ட இடி கிடைத்தும் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மழை பிடிக்கும் முன் கிளம்பிய லவோனா, டிரக் கதவைப் பிடித்தபடி நின்றாள். "கிறிஸ்துமஸுக்கு அனுப்புனேனேக்கா, படிச்சியா? நீ போனே பண்ணல. அந்தக் கடைசி அத்தியாயம்... அதை எழுதறப்ப ரெண்டு நாள் நான் சோறே திங்கல. நீ கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சேன்."

"படிச்சேன்."

"கோவம் இல்லையே?"

"இல்லடி."

லவோனா அவளை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள். பெர்டினா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எதற்காக அழுகிறாள் என்று மட்டும் தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

நூலகத்துக்குத் திரும்பி மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தாள். பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் லவோனா அனுப்பிய பார்சல், ஒட்டிய டேப் ஒட்டியபடி. குளிர்காலம் முழுக்க அது அங்கேயேதான் கிடந்தது.

"டீச்சர்," ஷாண்டீன் வாசலில் நின்றாள். "அந்த அக்கா நாணல்லேர்ந்து வெளிய வந்துருவாளா? உங்களுக்குத் தெரியும்ல?"

"பஸ் போயிரும், ஓடு."

பெர்டினா டேப்பின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தாள். கொஞ்சம் எழும்பியது. மலைமேல் மறுபடி இடித்தது. எழும்பிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். அது ஒட்டவில்லை. உறைபனி விழும்வரை ஏழு மாதமும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுபோல, விரலை எடுக்காமல் நின்றாள்.