ஒரு சொட்டுக் கசியாத படகு

எங்கள் படகு கசியும். மரப்படகு என்றால் கசியத்தான் வேண்டும். பலகை தண்ணீர் குடித்து ஊதி, பக்கத்துப் பலகையை நெருக்கிக்கொண்டு நிற்கும்போது இடுக்கில் கொஞ்சம் வேர்க்கும். அந்த ஈரத்தைத் தகரக் குவளையால் மொண்டு வெளியே ஊற்றுவது என் வேலை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்தேன். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் எங்கள் துறை. பாலம் கிழக்கே தள்ளி இருந்ததால், மண்ணச்சநல்லூர் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் சுற்றிப் போக அலுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் வீரமலையின் படகில் ஏறி வந்துவிடுவார்கள். ஆடிக் காற்று அடிக்கும்போது அவர் பாய் கட்டுவார். கழி ஊன்றும் பாடு மிச்சம்.

கோடையில் ஆறு வெறும் மணலாகிவிடும். அப்போது படகைக் கரையில் போடக்கூடாது. வற்றாத மடு ஒன்று உண்டு. படகை அதில் தள்ளி, உள்ளே கல்லை அடுக்கி மூழ்கடித்துவிடுவோம். ஆடியில் புதுத் தண்ணீர் வரும்வரை சேற்றில் கிடக்கும். பார்க்கச் சகிக்காது, ஆனால் பலகை காயாது. வெளியே இழுத்தால் அடியெல்லாம் முடி முடியாகப் பாசியும் கொத்துக் கொத்தாக நத்தையும் இருக்கும். இரும்புத் தகட்டை வைத்து நான்தான் சுரண்டுவேன். படகு ஓடுகிற மாதங்களிலும் அந்தச் சுரண்டல் ஓயாது. பாசி பிடித்த படகை நகர்த்துவது, குளத்தில் படுத்த எருமையைக் கிளப்புவது மாதிரி.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் எங்கள் ஒரே மகள் காளியாயிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிச்சமுத்து அக்கரைக்காரர். என் தம்பி மூக்கன் நாகப்பட்டினத்தில் தோணி பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தான். தாய்மாமன் சீர் கொண்டு வந்தவன், புடவையும் தோடும் வைத்திருந்த அதே பெட்டியில் என் வீட்டுக்காரருக்கென்று இரண்டு டப்பா சிவப்புப் பெயிண்டும் கொண்டு வந்தான். கப்பலுக்கு அடியில் பூசுவதாம்.

"இதுல விஷம் கலந்திருக்கு மாமா. பாசி, நத்தை எதுவும் கிட்ட வராது. அக்கா இனிமே சுரண்ட வேணாம்" என்றான்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் விரல் நகங்கள் அந்தப் பாசிக்கே தேய்ந்து போனவை. கல்யாணக் களேபரம் அடங்கியதும் படகை மடுவிலிருந்து இழுத்து, கவிழ்த்துக் காயவைத்து, சுத்தமாகச் சுரண்டினோம். ஈரமிருந்தால் பெயிண்ட் ஒட்டாது என்று மூக்கன் நன்றாகவே காயவைத்தான். அவன் கையாலேயே பூசினான். ஊருக்குக் கிளம்பும்போது, காய்ந்ததும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், வெளியே போட்டு வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனான். என் வீட்டுக்காரர் சரி சரி என்று தலையாட்டினார்.

ஆனால் படகு கரையில் செக்கச் செவேலென்று மின்னியது. துறைக்கு வந்தவர்களெல்லாம் அதைத் தடவிப் பார்த்தார்கள். யாரோ ஒரு மகராசி அதற்கு மஞ்சளும் குங்குமமும்கூட வைத்துவிட்டுப் போனாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மடுவில் போடச் சொன்னால், கல்யாணப் பெண்ணைக் கொண்டுபோய்ச் சேற்றில் முக்குவார்களா என்று என்னிடமே கேட்டார். படகு பெண் இல்லை, அது காய்ந்தால் கெட்டுவிடும் என்று நான் கத்தினேன். அவர் மேலே ஓலைப் பந்தல் போட்டார். பந்தலுக்கு உள்ளேயும் வெயில்தான். வைகாசி, ஆனி என்று அனல் காற்றில் அந்தப் பலகைகள் வற்றிக்கொண்டே போயின. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆறாத புண்ணின் மேல் பொருக்கு மாதிரி, இடுக்குகளை மூடிக்கொண்டு பெயிண்ட் பளபளத்தது.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போய், பதினெட்டாம் பெருக்கன்று மாப்பிள்ளையோடு வரட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாண மாலையைப் பத்திரமாக வைத்திருந்து பெருக்கன்று ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். பிள்ளையைக் கண்ணால் பார்த்து மாதங்களாயிற்று. பஸ்ஸிலேயே வந்துவிடட்டும், பாலத்தின் வழியாக வந்தால் வீட்டு வாசலில் இறங்கிவிடலாம் என்றேன்.

"ஓடக்காரன் மக தலையாடிக்கு பஸ்ல வந்து இறங்கினா ஊரு சிரிக்காதா? என் படகுலதான் வருவா" என்றார்.

கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது. பெருக்குக்கு முதல் நாள் சூடம் கொளுத்திப் படகை இறக்கினார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பாசியில்லாத அந்த அடி தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. விரலால் தொட்டால் நகர்ந்தது. நான் உள்ளே ஏறி உட்கார்ந்து அடிப்பலகையில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. மாவு அரைத்து முடித்த உரலில்கூட அதைவிட ஈரம் இருக்கும்.

"ஒரு சொட்டுக் கசியலைங்க. எனக்குப் பயமா இருக்கு. இப்போ பெயிண்டு மட்டுந்தான் தண்ணியத் தடுத்து நிக்குது. உள்ள தண்ணிய நிரப்பி நாலு நாளைக்கு ஊறப்போடுங்க. பலகை ஊதட்டும்" என்றேன்.

"கசிஞ்சாலும் திட்டுற, கசியலைன்னாலும் திட்டுற" என்றார். துறையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல் குவளையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினார். இறைக்க என்ன இருக்கிறது, நீ பிள்ளைக்குச் சமைத்து வை என்றார். அதுவும் அன்பாகத்தான் சொன்னார். நானும் புளிச்சோறு, தேங்காய்ச் சோறு கிளறி, காப்பரிசி கலந்து வைத்துவிட்டுத் துறைக்கு ஓடினேன்.

கரை முழுக்கக் கூட்டம். அக்கரையிலிருந்து எங்கள் படகு பாய் விரித்து வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு வேகத்தை அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை. சொல்ல வாய் கூசுகிறது, எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. முன்பக்கம் மாமன் எடுத்த புடவையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாலைக் கூடை. என்னைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது, கையை ஆட்டினாள்.

நட்டாற்றில் காற்று ஒரு வீசு வீசியது. பாய் புடைத்தது. பாய்மரம் இழுத்த இழுப்பில் படகு உடம்பை ஒருமுறை முறுக்கியது. கரையில் இருந்த எனக்குச் சத்தம் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் குனிந்து கீழே பார்ப்பது மட்டும் தெரிந்தது. அப்புறம் கையால் இறைக்க ஆரம்பித்தார். படகில் இருந்த எல்லோரும் கையால் இறைத்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. குவளை வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு கை அள்ளுவதற்குள் நாலு கை உள்ளே வந்திருக்கும். படகு கனத்துப் பாய்ப்பக்கம் சாய்ந்தது. பாய் தண்ணீரில் படுத்தது. ஆண்கள் நீந்தினார்கள்; மாப்பிள்ளை பாய்மரத்தைப் பிடித்துத் தப்பினார். மற்றவர்களைப் பரிசல்காரர்கள் தூக்கினார்கள். என் மகளுக்கு நீச்சல் தெரியாமலில்லை. நடக்கிறதற்கு முன்னால் நீந்தியவள். நனைந்த பாய் அவள் மேல் விழுந்துவிட்டது. துணிக்கு அடியில் யார்தான் நீந்த முடியும்? அவளைக் கீழ்த்துறையில் நாணலுக்குள்ளிருந்து எடுத்தார்கள். மாலை மட்டும் ஆற்றோடு போய்விட்டது.

மூக்கன் வந்து என் காலில் விழுந்து அழுதான். அவனை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சொன்னதைச் சரியாகத்தான் சொன்னான். என் வீட்டுக்காரரோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். திட்டினால் அவருக்கு ஆறுதலாகிவிடும் என்றுதான் திட்டாமல் இருந்தேன்.

தை மாதம் தண்ணீர் வடிந்தபோது, மணல்திட்டில் படகு கவிழ்ந்து கிடப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். ஆடியிலிருந்து தண்ணீருக்குள் கிடந்த படகு. பலகைகள் ஊதி, இடுக்கெல்லாம் நெருங்கி மூடிக்கொண்டிருந்தது. இடுக்குகளின் ஓரத்தில் மட்டும் பெயிண்ட் நீளநீளமாகக் கிழிந்திருந்தது. மற்றபடி சிவப்பு அப்படியே இருந்தது. ஒரு பாசி இல்லை. ஒரு நத்தை இல்லை. பழக்கதோஷத்தில் நான் சுரண்டுகிற தகட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தேன்.

மேல்துறை ஓடக்காரர் தாஜுதீன் விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி அடியைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு நாள் தண்ணீரில் கிடந்துமா இப்படி இருக்கிறது என்று அவரால் நம்ப முடியவில்லை.

"பூச்சு நல்ல பூச்சுதாங்க" என்றார் என் வீட்டுக்காரர். ஆடிக்குப் பிறகு அவர் வெளியாளிடம் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

தாஜுதீன் என்னைப் பார்த்தார். கேட்க வந்ததைக் கேட்காமல் கிளம்பப் போனவரை நான்தான் நிறுத்தினேன்.

"நாகப்பட்டினத்துல கிடைக்குதுங்க, என் தம்பிகிட்ட சொல்றேன். வாங்கிப் பூசுங்க. ஆனா தண்ணியில இறக்கின அன்னைக்கு உள்ள கையை வச்சுப் பாருங்க. கசியலைன்னா யாரையும் ஏத்தாதீங்க."

அவர் சரிம்மா என்று சொல்லிவிட்டு மணலில் இறங்கி நடந்தார். என் வீட்டுக்காரர் நான் கொண்டு வந்த தகட்டை என் இடுப்பிலிருந்து உருவி எடுத்து, படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சிவப்பைச் சுரண்ட ஆரம்பித்தார். அது லேசில் வரவில்லை.