சான்றுப்பொருள் மாவிஸ்

முட்டை விலை டஜன் ஆறு டாலரைத் தொட்ட அந்த மார்ச் மாதத்தில்தான் மாவிஸ் ட்ரெஸ்லரின் இடது மணிக்கட்டில் துப்பாக்கி எண் முளைத்தது. கறுப்பாக, இரும்பில் வெட்டியதைப் போலவே சற்றுக் குழிந்த எழுத்து. வலிக்கவில்லை, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஈரி ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கார்வர்ஸ் பாயிண்டில் அப்போது பனி உருகியிருக்கவில்லை; எல்லோரும் கையுறையோடு திரிந்ததால் விஷயம் வெளியே தெரியக் கொஞ்ச நாள் பிடித்தது.

அந்த எண் நியாயமாகப் போய் உட்கார வேண்டிய இடம் அவளுடைய கணவன் ஆர்லன் கார் கொட்டகையில் செய்த கைத்துப்பாக்கி. ஆர்லன் சலவை இயந்திரம் பழுதுபார்ப்பவன். பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் வார்க்கும் அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, அதில் துப்பாக்கியின் உடற்கூட்டை அச்சடித்திருந்தான். மாம்பழ நிறம். தள்ளுபடியில் கிடைத்தது அந்த நிறம்தான். இப்படி வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். கணினியில் கூடிப் பேசுவார்கள், வரைபடங்களைப் பகிர்ந்துகொள்வார்கள், ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பல வருடம் அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மாநிலம் ஒரு சட்டம் போட்டது: வீட்டில் செய்ததானாலும் எண் பொறிக்க வேண்டும். ஒரு நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, இன்னொன்று தடையை விலக்கியது, மூன்றாவது ஒன்று துப்பாக்கி என்றால் என்ன என்பதையே மாற்றி எழுதியது. சட்டத்தை ஒரு சொல் விடாமல் படித்து அதன்படி நடப்பதுதான் அந்தக் கூட்டத்தின் பெருமை. ஆனால் படித்துவிட்டு நடக்காமல் இருக்க வழி தேடுவார்கள். ஆர்லன் மட்டும் நிஜமாகவே நடந்தான். சட்டம் அமலுக்கு வந்த அன்று காலையிலேயே உரிமம் பெற்ற கடைக்காரர் வாசலில் போய் நின்று எண் பொறித்துக்கொண்டான். அதைப் படம் பிடித்துக் கூட்டத்தாருக்குக் காட்டவும் செய்தான்.

"டேய், நீயெல்லாம் ஒரு ஆளா?" என்று போனில் கத்தினான் 'சோம்பேறி வாத்து' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த நண்பன். "நாங்க இங்க கோர்ட்டுக் கோர்ட்டா முட்டிக்கிட்டிருக்கோம். நீ வரிசையில முதல் ஆளாப் போய்க் கழுத்தை நீட்டுறே!"

"சட்டத்துல அப்படித்தான்பா போட்டிருக்கு," என்றான் ஆர்லன்.

மறுநாள் துப்பாக்கியில் எண்ணைக் காணோம். அது வெண்ணெய்க் கத்தியில் இருந்தது. ஆர்லன் திரும்பவும் கடைக்குப் போனான். அடுத்த நாள் எண் நாயின் காதுக்குள் இருந்தது, அதற்கடுத்த நாள் குளியல் தொட்டியில். பிளாஸ்டிக்குக்கு அந்த எண் ஒட்டவே இல்லை. கடைக்காரருக்கு எரிச்சல்: "யோவ், என் மெஷின் தேஞ்சுபோச்சு. இனிமே இந்த மாம்பழத்தைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராதே." கடைசியாக, தேவாலய விருந்துக்கு மாவிஸ் செர்ரிப் பழம் அடைத்துச் சுடும் 'பை' செய்துகொண்டிருந்தபோது, உருட்டிய மாவின் நடுவில் எண் எழும்பி வந்தது. மாவைக் கலைத்து உருட்டினாள். மறுபடி வந்தது. மூன்றாம் முறை அவள் உருட்டுக்கட்டையைத் தூக்கி எறிந்தாள்.

"எங்கயாவது ஒரு இடத்துல உட்கார்ந்து தொலையேன், சனியனே! இந்தா, வேணும்னா என் மேலயே உட்காரு. என்னைப் பையைச் செய்ய விடு!"

உட்கார்ந்துவிட்டது. பை நன்றாக வந்தது என்று விருந்துக்குப் போனவர்கள் சொன்னார்கள்.

ஏப்ரலில் யாரோ புகார் கொடுத்து, போலீஸ் வந்து, எண்ணில்லாத துப்பாக்கி வைத்திருந்ததாக ஆர்லன் மீது வழக்குப் போட்டார்கள். ஐந்து வருடம் வரை உள்ளே போகக்கூடிய வழக்கு. எண் இருக்கிறது, என் மனைவி கையில் இருக்கிறது என்று ஆர்லன் சொன்னான். அதை வந்து காட்டட்டும் என்றார்கள். மாவிஸ் தேவாலயத்துக்குப் போடும் நீல உடையை உடுத்திக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள். வாசல் காவலர் அவள் கையைப் பார்த்துவிட்டு, பதிவு செய்த துப்பாக்கியை உள்ளே விட முடியாது என்று மறித்தார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு உத்தரவு அப்படி. ஆர்லனின் வக்கீல் ஸ்டாச்சுரா அம்மாள் கெட்டிக்காரி. சாட்சியாகத்தானே விட முடியாது, சான்றுப்பொருளாக விடலாமே என்றாள். மாவிஸின் உடைப் பொத்தானில் ஒரு அட்டையைக் கட்டி உள்ளே அழைத்துப் போனார்கள். நீதிபதி எண்ணைச் சரிபார்த்தார், பொருந்தியது. மாவிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"சான்றுப்பொருள் பேசக் கூடாது," என்றார் நீதிபதி. வழக்கு முடியும்வரை பொருளை நீதிமன்றப் பாதுகாப்பில் வைக்க உத்தரவிட்டார்.

அவளை நிலவறையில், சான்றுப்பொருள் அறையில் வைத்தார்கள். பிறகு வாய்தா. வாய்தாவுக்கு மேல் வாய்தா. அரசு வக்கீலுக்கு முதுகுவலி என்று ஒரு வாய்தா, பனிப்புயல் என்று ஒன்று. துப்பாக்கி வரைபடம் பேச்சுரிமையில் சேருமா பொருளில் சேருமா என்று மேலே ஒரு நீதிமன்றம் யோசித்துக்கொண்டிருக்கிறது, அது முடியட்டும் என்று ஒரு முழு வருடம். இதற்குள் சட்டம் இரண்டு முறை திருத்தப்பட்டது. எண் முன்பைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது மாவிஸின் மணிக்கட்டில் எழுத்துகள் தாமாகப் பெருத்தன. ஆர்லன் வியாழக்கிழமைதோறும் கம்பி வலைக்கு வெளியே நின்று அவளோடு பேசினான். கூட்டத்தார் இப்போது அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். சோம்பேறி வாத்து, மாவிஸின் முகம் போட்ட பனியன்களை அடித்து விற்று வழக்குக்குப் பணம் அனுப்பினான்.

"என் மூஞ்சியைப் பனியன்ல போட்டவன் எவன்?" என்று கேட்டாள் மாவிஸ். "அவனை நேர்ல வரச் சொல்லு. அவனுக்கும் நீதிபதிக்கும் சேர்த்து ரெண்டு வார்த்தை சொல்லணும். ரெண்டு பக்கமும் என்னை வெச்சுத்தானே விளையாடுறீங்க? நான் என் வீட்டு அடுப்பைப் பாத்து எத்தனை நாளாச்சு, தெரியுமா ஆர்லன்?"

ஆர்லன் வீட்டுக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தைத் திறந்துகொண்டான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

நான்காம் வருடம் ஆர்லன் ஜெயித்தான். எண்ணும் இருக்கிறது, அதைத் தாங்கிய பொருளும் இருக்கிறது, ஆகவே குற்றமில்லை என்று தீர்ப்பு. மாவிஸின் குளிர்கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான். அறைப் பொறுப்பாளர் ஆர்வில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"அரசு மேல்முறையீடு போட்டாச்சுப்பா. அது முடியற வரைக்கும் பொருள் இங்கதான்."

"முடிஞ்சா?"

"அவங்க ஜெயிச்சா மூணு துண்டா வெட்டி அழிக்கணும், விதி. நீ ஜெயிச்சா திருப்பித் தரணும். ஆனா திருப்பித் தர்ற சட்டத்துக்குப் போன வாரம் தடை வந்திருக்கு."

ஆர்லன் தரையில் உட்கார்ந்து அழுதான். சொன்னபடியெல்லாம் கேட்டேனே, முதல் ஆளாகப் போய் நின்றேனே என்று சின்னப் பிள்ளையைப் போல வாய்விட்டு அழுதான். ஆர்வில் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். வலைக்கு உள்ளேயிருந்து மாவிஸ், "எழுந்திரு ஆர்லன், தரை ஜில்லுன்னு இருக்கும்," என்றாள்.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த விதிகளை மேலிருந்து கீழே படிக்கத் தொடங்கினான். கடைசி வரிக்கு வந்து நின்றான்.

"ஆர்வில், துப்பாக்கி எந்த உறையில வந்துச்சோ அந்த உறையோட சேர்த்து வைக்கணும்னு போட்டிருக்கே."

"ஆமா."

"இவ கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்தது நான்தான். வாசல்ல பிடிச்ச கையை இந்தக் கதவு வரைக்கும் விடலை. உன் காவலரையே கேளு."

ஆர்வில் அவனை மேலும் கீழும் பார்த்தார். விதியையும் ஒருமுறை படித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, 'உறை, பழுப்பு நிறம், பழையது' என்று எழுதி, ஆர்லனின் கோட்டுப் பொத்தானில் கட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

"இதைப் படிக்க உனக்கு நாலு வருஷமா?" என்றாள் மாவிஸ், நகர்ந்து இடம் விட்டபடி.

மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் வந்து சரிபார்க்கிறார்கள். போன முறை பொருள் நல்ல நிலையில் இருப்பதாகவும், உறையின் பொத்தான் ஒன்று தளர்ந்திருப்பதாகவும் குறித்தார்கள். மாவிஸ் ஆர்விலிடம் ஊசியும் நூலும் வாங்கி அதைத் தைத்துவிட்டாள்.