பத்து நிமிஷம் முந்திய நட்சத்திரம்

நட்சத்திரம் தப்பு செய்யாது, செய்தால் அது நாம் செய்த தப்பாகத்தான் இருக்கும். இதை நான் சொன்னபோது ஞானசம்பந்தம் சார் சிரித்தார். சிரிக்கட்டும். சிரித்தவர் அன்றைக்கே ஊர் திரும்ப முடியாமல், வலையபட்டியில் ஒரு செட்டியார் வீட்டு மாடியில் கொசுக்கடியோடு உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் பெயர் பொன்னுத்தாயி, சொந்த ஊர் கல்லல். வயலும் மாடுமாக இருந்த குடும்பத்தில் பிறந்து பௌதிகம் படித்து, காரைக்குடியில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தேன். ஞானசம்பந்தம் சார் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர். எங்கள் பக்கத்து வானம் வறண்டு தெளிவாக இருக்கும் என்று சொல்லி ஒரு பெரிய தொலைநோக்கியை எங்கள் கல்லூரிக்கு இரவல் கொடுத்திருந்தார். அதன் எடையைத் தாங்கும் மாடி வேறு எங்கே கிடைக்கும்? வலையபட்டியில் சிகப்பி ஆச்சியின் வீட்டைப் பிடித்தோம். ஆச்சியின் வீட்டுக்காரர் பினாங்கில் இருந்தார். ஆச்சியும் மகள் உமையாளும்தான் அந்த அரண்மனையில் இருந்தார்கள். நானும் பின்கட்டில் ஒரு அறையில் தங்கிக்கொண்டேன்.

நான் பார்த்த நட்சத்திரத்துக்கு ஊர் உலகத்தில் பெயர் கிடையாது, பட்டியலில் ஒரு எண் மட்டும் உண்டு. நீலமாக, மங்கலாக இருக்கும். அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஹைட்ரஜன் இருக்கிற அடையாளமே இல்லை, ஹீலியம்தான் இருந்தது. அண்ட சராசரத்தில் எதைத் தொட்டாலும் ஹைட்ரஜன் ஒட்டும், இதில் மட்டும் ஒட்டவில்லை. அதோடு சுமார் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அது பிரகாசம் கூடிக் குறைந்தது. அப்போது உலகத்திலேயே இப்படி ஒன்றோ இரண்டோதான் அகப்பட்டிருந்தன. அவற்றைப் பற்றிச் சிலர் துணிந்து ஒரு விளக்கம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அது ஒற்றை நட்சத்திரம் அல்ல, எரிந்து தீர்ந்து சுருங்கிய, வெள்ளைக் குள்ளன் என்று சொல்கிற இரண்டு நட்சத்திரங்கள். நமக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தில் பாதிகூட இல்லாத இடைவெளியில் ஒன்றை ஒன்று சுற்றுகின்றன. இளைத்தது தன் ஹீலியத்தை மற்றதன்மேல் ஊற்றிக்கொண்டே சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு இருபது நிமிஷம். படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் நட்சத்திரமும் அதே ஜாதி என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

சாருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏதோ ஒற்றை நட்சத்திரம் விம்மித் தணிகிறது, அவ்வளவுதான் என்றார். இரண்டு நட்சத்திரம் சுற்றுவதாக இருந்தால் நாள் தவறாமல் கணக்குப்படி சுற்ற வேண்டும், ஒரு வாரம் பிசகாமல் சுற்றுகிறது என்று காட்டு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை லாரி அனுப்பித் தொலைநோக்கியை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரே நேரில் வருவதாகவும் எழுதியிருந்தார். கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது என்பது வேறு விஷயம்.

பார்க்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். நான் மாடியில் ஒளியை அளக்கிற மீட்டரின் முள்ளைப் பார்ப்பேன். கல்லூரி ஆய்வக உதவியாளர் சேவுகன் கீழே வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், பெரிய கடிகாரத்தின் முன்னால் நின்று நிமிஷத்துக்கு ஒரு மணி அடிப்பார். ஆள் உயரத்துக்கு நிற்கும் ஜெர்மனிக் கடிகாரம் அது. ரேடியோ நேரத்தோடு ஒத்துப் பார்த்ததில் விநாடி பிசகவில்லை. என் கைக்கடிகாரம் சாவி கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். அதனால் வலையபட்டியில் நேரம் என்றால் அந்தப் பெண்டுலம்தான். ரேடியோவும் வியாழக்கிழமை வாயடைத்துப்போய், ரிப்பேருக்காகக் காரைக்குடிக்குப் போய்விட்டது.

திங்களிலிருந்து வியாழன்வரை நட்சத்திரம் நான் போட்ட கணக்கின்மேல் அடி பிசகாமல் நடந்தது. ஒளி கூட வேண்டிய நிமிஷத்தில் கூடியது, குறைய வேண்டிய நிமிஷத்தில் குறைந்தது. வெள்ளிக்கிழமை தலைகீழாகிவிட்டது. கூட வேண்டிய நேரத்தில் குறைந்தது. சனிக்கிழமையும் அப்படியே. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவும் செய்தேன், அதில் என்ன வெட்கம்? இரண்டு வருஷ உழைப்பு லாரி ஏறப் போகிறதே.

ஞாயிறு காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு, வரைபடத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்தேன். வெள்ளியும் சனியும் என் கணக்கோடு ஒட்டவில்லையே தவிர, ஒன்றோடு ஒன்று கச்சிதமாக ஒட்டின. இரண்டு நாளும் நட்சத்திரம் சரியாகப் பத்து நிமிஷம் முந்தியிருந்தது. கிறுக்குப் பிடித்த நட்சத்திரம் இப்படி ஒரே ஒருமுறை தாவிவிட்டு, பிறகு ஒழுங்காக நடக்குமா? முந்தியது நட்சத்திரம் இல்லை, பிந்தியது கடிகாரம். அது தெரிந்ததும் எனக்குப் பசியே எடுத்துவிட்டது.

சேவுகனைக் கேட்டேன். தான் முள்ளைப் பார்த்து மணி அடித்ததோடு சரி, கண்ணாடிக் கதவைக்கூடத் தொட்டதில்லை என்றார். சமையல்கட்டில் ஆச்சி இருந்தார். கடிகாரத்தில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்தவர், உமையாளைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை காலையில் தேவகோட்டையிலிருந்து உமையாளை நிச்சயம் பண்ண வந்திருந்தார்கள். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். வழியில் கார் டயர் வெடித்து, அவர்கள் வாசலில் இறங்கியபோதே பத்தே கால் ஆகிவிட்டது. காபி கொடுத்து, பெரியவர்கள் உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மாற்றுவதற்குள் பத்தரை தாண்டிவிடும். தாண்டினால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்பார்கள். மூன்று வருஷமாகத் தள்ளித் தள்ளிப் போன கல்யாணம் இது. அவர்கள் முன்கட்டில் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆச்சி தனியாக உள்ளே போய்ப் பெண்டுலத்தைப் பத்து நிமிஷம் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

அவர்கள் கையில் கடிகாரம் இல்லையா என்று கேட்டேன். சம்பந்தி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம், வளவுக் கடிகாரத்தைப் பார்த்தாராம், ஜெர்மனிக்காரன் தப்பு செய்ய மாட்டான் என்று தன்னுடையதைப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டாராம். அன்று காலையில்தான், சொந்தக்காரர்களெல்லாம் போன பிறகு, ஆச்சி பெரிய கடிகாரத்தைச் சரிசெய்திருந்தார்.

"ஏத்தா, இது வெளிய தெரிஞ்சா எம்மக வாழ்க்கை போச்சு. ராகுகாலத்துல பாக்கு மாத்துனோம்னு ஒரு சொல்லு போதும்" என்றார் ஆச்சி.

"என் வாயிலருந்து வராது ஆச்சி. நீங்க போயி அடுப்பைப் பாருங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சாரிடம் என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.

மத்தியானம் ஞானசம்பந்தம் சார் வந்தார். வரைபடத்தைப் பார்த்தார். கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தியிருந்தது என்றேன். தன் கைக்கடிகாரத்தை வளவுக் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போயின. யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டார். சொல்ல முடியாது, ஆனால் நட்சத்திரம் தப்பு செய்யாது என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாக்பீஸை எடுத்துத் தூணுக்குப் பக்கத்தில் தரையில் 'இரவு 11.14' என்று எழுதினேன். வியாழன்வரை போட்ட கணக்குப்படி அந்த நிமிஷத்தில் என் நட்சத்திரம் உச்ச ஒளியில் இருக்கும், வெள்ளிக்கிழமை நிஜமாகவே தடம் மாறியிருந்தால் அடிமட்டத்தில் இருக்கும், உங்கள் கையில் கட்டியிருக்கிற கடிகாரத்தில் நீங்களே பாருங்கள், தோற்றால் தொலைநோக்கியை நானே கழற்றி லாரியில் ஏற்றுகிறேன் என்றேன். அப்படிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சாயங்கால ரயிலை விட்டுவிட்டார்.

அன்று இரவு மீட்டரின் முன்னால் அவரே உட்கார்ந்தார். நான் தள்ளி நின்றேன். பதினொன்றுக்குமேல் முள் மெல்ல ஏறத் தொடங்கியது. பதினொன்று பதினாலுக்கு உச்சிக்குப் போய் நின்று, பிறகு இறங்கியது. சார் அடுத்த சுற்றையும் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். பிறகு எழுந்து என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிட்டை இன்றுவரை மறக்கவில்லை.

ஆனாலும் மனுஷர் கறார் பேர்வழி. நட்சத்திரம் இரட்டைதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் காரணம் இல்லாமல் இரண்டு நாள் கணக்கைத் திருத்தி அச்சில் போட முடியாது, அந்த இரண்டு நாளையும் தூக்கிப் போடு என்றார். தூக்கிப் போட்டால் பார்க்கிறவன் இவள் எதை மறைத்தாள் என்று கேட்பான் என்றேன். அவர் காரணம் கேட்டார், நான் மாட்டேன் என்றேன். இப்படி இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் காலடி கேட்டது. சிகப்பி ஆச்சி இரண்டு டம்ளர் பாலோடு நின்றுகொண்டிருந்தார்.

"நாந்தாங்க நிறுத்துனேன். பத்து நிமிசம். எழுதிக்கங்க" என்று நடந்ததையெல்லாம் சாரிடம் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படிச் சொல்லிவிட்டீர்களே, தேவகோட்டைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பதறினேன்.

ஆச்சி பாலை என் கையில் கொடுத்தார்.

"நீ எனக்காக வாயைக் கட்டிக்கிட்டு நின்னே. நான் கீழ சும்மா உக்காந்திருப்பேனா? அதான் அந்த வீட்ல இங்கிலீசுப் புஸ்தகம் படிக்கிறவுக யாரும் இருக்காகளான்னு உமையாளைக் கேட்டுக்கிட்டேன். மாப்பிள்ளையே பேப்பர்ல சினிமாப் பக்கம் மட்டுந்தான் பாக்குறாராம். நீ தைரியமா எழுதுத்தா."

திங்கட்கிழமை வந்த லாரி வெறுமையாகத் திரும்பியது. கட்டுரை மறு வருஷம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதன் அடிக்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: 'வெள்ளி, சனி இரவுகளின் நேரத்தோடு பத்து நிமிஷம் கூட்டப்பட்டுள்ளது; குடும்ப நன்மையை முன்னிட்டுக் கடிகாரம் நிறுத்தப்பட்டிருந்தது.' உமையாளுக்கு வைகாசியில் கல்யாணம் நடந்தது. முகூர்த்த நேரத்தை ஆச்சி ஐயரிடம் கேட்கவில்லை, வளவுக் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. ரிப்பேராகி வந்த ரேடியோவோடு என்னை மணவறைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ சொல்லுத்தா, தாலி கட்டச் சொல்றேன்" என்றார்.