அந்தத் தேசிமரத்தைத் தொடப்படாது

1

இந்தக் கதை என்னுடையதில்லை. காரைதீவிலிருந்து கல்முனைக்குப் போன பஸ்ஸில், பக்கத்தில் இருந்த செல்லத்தங்கம் அக்காவிடம் களவெடுத்தது. ரோசாக் கன்று உண்டாக்கி விற்கிறவ. இறங்கும்போது விரலை ஆட்டி, "தம்பி, இதை எழுதிக்கிழுதிப் போடாதீங்க, சொல்லிப்போட்டன்!" என்றா. நான் "ஓம் அக்கா" என்றேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முன்னமே பேனையைத் தேடினேன். என்ன செய்ய, என் பிழைப்பு அப்படி.

2

முதல் தொடக்கம்: "கல்முனைக் கடலின் அலைகள் ஓயாமல்—" சீ. கடலுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது: "மண்ணை நம்பி வாழ்ந்த நான்கு மனிதர்கள்—" மண்ணை நம்பினார்களோ என்னவோ, ஆளை ஆள் நம்பவில்லை. அடித்துவிட்டேன்.

சரி, நேராகவே சொல்கிறேன். எழுபத்தெட்டில் அடித்த சூறாவளியில் கன்று வளர்க்கிறவர்களின் நாற்றுமேடையெல்லாம் அள்ளுண்டு போனது. மிஞ்சினதைப் பகிர்ந்து, தெரிஞ்சதைச் சொல்லிக்கொடுத்து, மறுபடி தொடங்குவம் என்று அடுத்த வருசம் சாய்ந்தமருது ஸுல்பிகா தன் வீட்டு வளவுக்கு ஆள்களைக் கூப்பிட்டா. மூன்று பேர் வந்தார்கள். ஒன்று நம்ம செல்லத்தங்கம். மற்றது மருதமுனையில் மாங்கன்று ஒட்டுகிற கச்சிமுகம்மது. மூன்றாவது பாண்டிருப்பு வேலப்போடி. இவருடைய தோட்டத்தில் கேட்டு வாங்கின கன்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேலிக்கு மேலால் கைநீட்டி முறித்தவை.

[அடிக்குறிப்பு, அடியில் போட மனமில்லாததால் இங்கேயே: கன்று வளர்க்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு வாங்கின கம்பு பட்டுப்போகுமாம். களவெடுத்ததுதான் வேர்விடுமாம். இதில் நியாயமும் இருக்கிறது. கேட்டு வாங்கினவர் அதை முற்றத்து வெயிலில் வைத்து ஊருக்கெல்லாம் காட்டுவார். களவெடுத்தவர் நிழலில் ஒளித்து வைத்து, யாரும் காணாமல் தண்ணீர் ஊற்றுவார்.]

3

கூட்டம் தொடங்கியது. கச்சிமுகம்மது மாங்கன்று ஒட்டுகிற விதத்தை விளக்கினார். எதனால் சுற்றிக் கட்டுவது என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். செல்லத்தங்கம் ரோசாத் தடியை இளநீரில் ஊறவைப்பதைச் சொன்னா. எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு இருமினா. வேலப்போடி, "நமக்கென்ன ஒளிப்பு மறைப்பு, எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்," என்றார். சொன்னது தும்புத்தூளும் மாட்டெருவும். அது ஊரில் ஆடுமாட்டுக்கும் தெரியும்.

இவ்வளவுக்கும் எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்தில்தான். கிணற்றடியில், பாதி வேர் வெளியே தெரிய, சரிந்து நின்றது ஸுல்பிகாவின் கொட்டையில்லாத தேசிமரம், அதாவது எலுமிச்சை. அப்படித் தேசி அந்தப் பக்கத்தில் வேறெங்கும் இல்லை. கொட்டையில்லாததால் விதைபோட்டு முளைக்க வைக்கவும் வழியில்லை. இலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. மரம் போனால் அந்தத் தேசி அதோடு முடிஞ்சுது.

ஸுல்பிகா எழும்பினா. "எல்லாத்தையும் பாருங்க, வேணுமெண்டத எடுங்க. அந்தத் தேசியில மட்டும் ஒருத்தரும் கை வைக்கப்படாது!" கம்பு வெட்டுகிற கத்தியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனா.

4

இங்கேதான் எனக்கு வேலப்போடியில் சந்தேகம் வந்தது. செல்லத்தங்கம் சொன்னபடி எழுதினால், இந்த மனிசன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார். எந்த வாசகர் நம்புவார்? அவரைக் களவெடுக்க வைத்து ஒரு தரம் எழுதிப் பார்த்தேன்: "வேலப்போடி மெல்ல எழும்பிக் கத்தியை—" ஊகூம். மனிசன் கதிரையை விட்டு அசையமாட்டன் என்கிறார்.

உள்ளே கோப்பைச் சத்தம். நேரம் போனது. "தண்ணி இன்னும் கொதிக்கல்ல!" என்று ஸுல்பிகாவின் குரல். இன்னும் கொஞ்ச நேரம் போனது. "சீனியக் காணல்ல, தேடுறன்!"

வெளியே வேலப்போடி, "பாவம், சூறாவளிக்கு மிஞ்சினது அது ஒண்டுதான். அதில கை வைச்சா நாம மனிசரா?" என்றார். மூன்று பேரும் சேர்ந்து மரத்துக்கு ஒரு முட்டுக் கொடுத்தார்கள். கத்தியை எடுத்துத் துடைத்து மடித்தும் வைத்தார்கள்.

ஸுல்பிகா வெளியே வந்தா. மரத்தைச் சுற்றிப் பார்த்தா. ஒரு கொப்பும் குறையவில்லை.

"கள்ளக் கூட்டம்! என்ட செவ்வரத்தை, குறோட்டன் எல்லாம் உங்கட வளவிலதானே நிக்கிது? இண்டைக்கு மட்டும் என்ன வந்தது உங்களுக்கு?" சொல்லிக்கொண்டே அழுதா. "கூரை போன நேரம் பிள்ளைகளையும் அணைச்சிக்கிட்டு இந்த மரத்தத்தான் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிண்டன். முள்ளுக் குத்தியும் விடல்ல. பதியம் வைச்சன், வேர் வரல்ல. ஒட்டினன், கருகிப் போயித்து. என்ட கைக்கு வருதில்ல. நீங்க களவெடுத்தாத்தான் இது உசிரோட இரிக்கும் எண்டு உள்ள போனா, நல்ல மனிசராகிப் போனீங்களே!"

செல்லத்தங்கத்துக்கும் கண் கலங்கியது.

கச்சிமுகம்மது தலையைச் சொறிந்தார். "வெட்டலாம், தங்கச்சி. ஆனா நீ வாயால சொல்லிப்போட்டியே. இப்ப அது களவில்லையே, ஹலாலாப் போச்சே."

வேலப்போடிதான் வழி சொன்னார். களவில் அவருக்கு அனுபவம். "புள்ள, மறுகா ஒருக்காத் தேத்தண்ணி போடு. ஆனா தொடப்படாதெண்டு நெஞ்சால சொல்லிப்போட்டுப் போ."

ஸுல்பிகா கண்ணைத் துடைத்தா. மரத்தைப் பார்த்தா. "தொடப்படாது!" என்று வளவே அதிரக் கத்திவிட்டு உள்ளே போனா.

5

பஸ் கல்முனைச் சந்தைக்கு வந்துவிட்டது. "மறுகா? அதுக்குப் பிறகு?" என்று கேட்டேன்.

"மறுகா என்ன, தேத்தண்ணி குடிச்சம்." செல்லத்தங்கம் தன் பன்புல்லுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினா. உள்ளே என்ன என்று எட்டிப் பார்த்தேன். முந்தானையால் மூடிவிட்டா. தேசி இலை மணந்த மாதிரி எனக்குப் பட்டது. [எனக்கு மூக்கடைப்பு. நம்பவேண்டாம்.]

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்று பேரும் வெட்டி, மூன்று வளவிலும் காய்த்தது: மிட்டாய் மாதிரி இருந்தது, கிழித்தேன். வெட்ட முன்னமே மரம் பட்டுப்போனது: எழுத மனம் வரவில்லை. வேலப்போடி மட்டும்—

இல்லை. என்னிடமும் ஒரு முடிவு இருக்கிறது. அந்தா, மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள். கேட்டால் தரமாட்டேன், தந்தால் அது உங்களிடம் பட்டுப்போகும்.

நான் தேத்தண்ணி போட உள்ளே போகிறேன். லாச்சி பூட்டவில்லை. ஒருத்தரும் தொடப்படாது, சொல்லிப்போட்டேன்!

தண்ணி கொதிக்க இன்னும் நேரம் கிடக்கு. சீனியையும் தேடவேண்டும்.