சத்தமில்லாமல் பார்த்த மயில்

பானுமதி ஜாக்கெட்டுக்குக் கொடுத்த பச்சைப் பட்டு ஆரிப் பூவேலைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டியபடியே இருந்தது. அதில் ஒரு மணிகூட ஏறவில்லை.

ஊசி ஜோதியின் கையில்தான் இருந்தது, கண்தான் போனில். இன்னும் ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று அவள் தள்ளிப்போட ஆரம்பித்து வெகு நாளாகிவிட்டது. ஊர் பேர் தெரியாத யார் யாரோ பூவும் கொடியும் போட்டார்கள். எல்லோருடைய கையும் தன் கையைவிட மேலாகத் தெரிந்தது. பார்க்கப் பார்க்க, முதல் தையலைப் போடவே பயமாகிவிட்டது.

ஸ்ரீரங்கத்திலிருந்து காட்டூருக்கு பஸ் மாறி வந்த பானுமதி சட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னம்மா ஜோதி, நாளன்னைக்கு நிச்சயதார்த்தம். துணி குடுத்த மாதிரியே இருக்கு?"

"டிசைன் பாத்துக்கிட்டிருக்கேன்க்கா."

"போன் பாக்க எங்க வீட்டுலயே ஆள் இருக்கு. தைக்கத்தானே உன்கிட்ட வந்தேன்? விடு, சின்னக்கடைத் தெருவுல கேட்டுக்கறேன்." அவள் சட்டத்தின் முடிச்சில் கை வைத்தாள்.

இந்தத் துணியும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள். ஜோதி அவசரமாகப் போனை நீட்டினாள். "இருங்கக்கா, இந்த மயில்தான் போடப்போறேன்."

இரண்டு கைகள் மட்டும் தெரியும் வீடியோ அது. இறகுகள் தயங்காமல் விரிந்துகொண்டே போயின. மாமியார் திட்டுவாள் என்று சத்தத்தைக் குறைத்துவிட்டு, காலையிலிருந்து அதையேதான் ஜோதி வயிறெரியப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா, என்ன கை! நம்பர் சொல்றாங்களா? இவங்ககிட்டயே குடுத்துடறேன்." பானுமதி சத்தத்தைக் கூட்டினாள்.

"ஜோதி! பால் பொங்குது பாரு!" என்றது போன்.

அடுப்படியிலிருந்து மாமியார் மயிலம்மாள் எட்டிப்பார்த்தாள். "நான் கூப்பிடவே இல்லையே. என் குரல்ல யாருடி கத்தறது?"

"பொங்கட்டும் அத்தை, இந்த இறகை முடிச்சுட்டு வரேன்" என்றது போன், ஜோதியின் குரலில்.

வீடியோ முடிந்து மறுபடி ஓடியது.

ஜோதியிடம் ஆரி கற்றுக்கொள்ள வந்த லூர்துராணி எப்போதோ எடுத்து வகுப்பு குரூப்பில் போட்ட வீடியோ அது. அதை யாரோ வேறு பெயரில் ஏற்றியிருக்கிறார்கள். ஜோதி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. காலையிலிருந்து பொறாமைப்பட்டது இந்தக் கையைப் பார்த்தா?

பானுமதி முடிச்சை விட்டாள். "நீதானா அது! அப்ப அதைப் பாத்து அப்படியே போட்டுடேன்."

ஜோதியின் விரல் தானாகவே திரைக்குப் போனது. பாதியில் நின்றது. போனை அணைத்துப் பானுமதியின் கையில் வைத்தாள்.

"இதை எடுத்துட்டுப் போங்கக்கா. நாளைக்குச் சாயங்காலம் ஜாக்கெட் வாங்க வரும்போது குடுங்க."

ஊசியைப் பட்டில் இறக்கினாள். முதல் தையல் கோணலாக விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். பானுமதி அதைப் பார்த்தாள், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஜோதி எதையும் பிரிக்காமல் அடுத்த தையலுக்கு நூலை இழுத்தாள்.