டாக்டர் திறக்கக் கூடாத வாய்

கெட்ட பல்லை விட்டுவிட்டுப் பவுனம்மாளின் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார் டாக்டர் சுகுமாறன். டாக்டரின் வக்கீல் உஷாராணிக்கு வயிற்றெரிச்சல். டாக்டர் கேட்கும் மன்னிப்பு, வழக்கில் அவருக்கெதிரான சாட்சியமாகாது என்று சட்டத்தைத் திருத்தித் தொலைத்தால் என்ன? அதுவரை வாயையே திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் தன் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில், வழக்குப் போட்ட பவுனம்மாளுடன் சமரசப் பேச்சுக்கு அவரை உட்கார வைத்திருந்தாள்.

“காசு வேணாம் டாக்டர். ஒரு சாரி சொல்லுங்க, கேஸ விட்டுடுறேன்” என்றார் பவுனம்மாள்.

உஷாராணி முறைத்தாள். டாக்டர் நெளிந்ததில் அவர் கால் பவுனம்மாளின் காலில் பட்டுவிட்டது. சட்டென்று அந்த அம்மாளின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பவுனம்மாள் பல் போன இடம் தெரியச் சிரித்தார். “இது போதும்லா டாக்டர்!”

பவுனம்மாள் போனதும் உஷாராணி டாக்டரிடம் கேட்டாள்: “கால் தெரியாமத்தானே பட்டுச்சு?”

“எதையும் ஒத்துக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!”