சத்தமே வராத பாட்டில்

மூடியைத் திறந்தபோது பாட்டிலிலிருந்து சத்தமே வரவில்லை. அதை அவள் கவனிக்கத்தான் செய்தாள். ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். சிறிய பீர் ஆலை ஒன்றில் பாட்டில் நிரப்பும் எந்திரம் அவள் பொறுப்பு. கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். அன்று அவருக்கு விடுப்பு. இரண்டு பேரும் குடிகாரர்கள் அல்ல. ஆலையில் புதிதாக ஏதாவது வந்தால் ஒரு பாட்டிலை இரண்டு தம்ளரில் ஊற்றி ருசி பார்ப்பார்கள், அவ்வளவுதான். இப்போது வந்திருந்தது ஸ்டவுட். பார்லியைக் கருக வறுத்துக் காய்ச்சிய கறுப்பு பீர். "தாடி" என்று எல்லோரும் அழைக்கும் முதலாளி, ஐந்து மாதமாகக் காய்ச்சுவதும் பிடிக்காமல் கீழே கொட்டுவதுமாக இருந்து, ஒருவழியாகத் தலையாட்டிய சரக்கு.

"நுரையே காணோமே?" என்றார் கணவர்.

"இருங்க. மொதல்ல மோந்து பாருங்க. அப்புறம் ஒரு சின்ன வாய், நாக்குல வெச்சு..."

"மூக்குக்கு ஒரு மனு, நாக்குக்கு ஒரு மனுன்னு எழுதிக் குடுக்கணுமா? தாகமா இருக்கும்மா." சொல்லிக்கொண்டே பெரிய வாயாக ஒன்று குடித்துவிட்டார்.

முகம் சுருங்கியது. "என்ன இது, துணி துவைச்ச தண்ணியாட்டம்?" என்று சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்தி உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "வழுவழுங்குது. நாக்கு வழுக்குது."

அவள் விரல் நுனியைத் தன் தம்ளரில் நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்தாள். சோப்புபோல வழுக்கியது. கையுறை கிழிந்த நாட்களில் அவள் விரல்களுக்குப் பழகிப்போன வழுக்கல் அது.

நிரப்பும் எந்திரத்தை அவர்கள் காஸ்டிக் சோடா என்ற எரிகாரம் கரைத்த தண்ணீரால் கழுவுவார்கள். பிறகு பத்து நிமிடம் நல்ல தண்ணீர் விட வேண்டும். எந்திரத்துக்குப் பாட்டிலில் பீர் ஊற்ற ஆறு மூக்கு. ஒவ்வொன்றின் பிடியையும் தூக்கி, உள்ளே நிற்பதை வடிய விட வேண்டும். நேற்றுக் காலை ஐந்தாவது மூக்கில் இருந்தபோது, லேபிள் ஒன்றைக் காட்டத் தாடி கூப்பிட்டார். போய்விட்டு வந்தாள். வந்து ஆறாவது பிடியைத் தூக்கினாளா? தாளில் "ஆச்சு" என்று டிக் போட்டது மட்டும் நினைவிருந்தது.

"துப்புங்க! துப்புங்க!"

"முழுங்கிட்டேனே..."

குழாயடிக்கு இழுத்துப் போய் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். அவர் தொண்டைக்குள் விரலை விடப் போனார். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாந்தி எடுக்காதீங்க! போன வழியே திரும்பி வந்தா தொண்டைய இன்னொரு தடவ பொசுக்கிடும்."

கோப்பையில் தண்ணீர் பிடித்து ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கரைத்து, அதில் பீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மஞ்சள் கறைமேல் சோப்பு பட்டால் எப்படிச் சிவக்குமோ அப்படிச் சிவந்தது. இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

அப்போதுதான் இன்னொரு பாட்டில் நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு மூக்கிலும் முதலில் நிரம்பும் பாட்டிலை விற்பனைக்கு அனுப்ப மாட்டார்கள், ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அந்த ஆறில் இரண்டைத்தான் அவள் எடுத்து வந்திருந்தாள். ஒன்று இது. மற்றொன்றைக் காலையில் கொழுந்தனிடம் கொடுத்தாள். அவன் தரைக்குக் கல் பதிக்கிறவன், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறான். எதையும் அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கிற ஆள்.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள்; அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தாள்.

கணவரின் உதடு தடித்துவிட்டது. "நான் டாக்ஸில ஆஸ்பத்திரிக்குப் போயிக்கறேன். நீ சின்னவன்கிட்ட ஓடு."

"உங்கள எப்படித் தனியா..."

"எனக்குப் பேச்சு வருதில்ல? ஓடு!"

பாட்டிலைத் துணிப்பையில் போட்டு, டாக்டரிடம் காட்டச் சொல்லி அவர் கையில் திணித்தாள். டாக்ஸி கிளம்பும்வரைகூட நிற்கவில்லை. டயர் கடையைத் தாண்டி, சலவைக் கடையைத் தாண்டி ஓடினாள். சாலையைக் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு. லாரிகள் வந்துகொண்டே இருந்தன. அந்த ஒரு நிமிடத்தில், கொழுந்தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடப்பதை நான்கைந்து விதமாகப் பார்த்துவிட்டாள். அங்கே கணவருக்குக் குரல் அடைத்துக்கொண்டால் யாரிடம் என்ன சொல்வார்? தப்பான ஆளிடம் ஓடிக்கொண்டிருக்கிறோமோ?

நான்காவது மாடி. கதவைத் தட்டினாள். பதில் இல்லை. இரண்டு கையாலும் அடித்தாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. ஈரத் தலையும் துண்டுமாகக் கொழுந்தன் நின்றான்.

"என்ன அண்ணி, வீடு பத்திக்கிச்சா?"

அவன் தோளுக்குப் பின்னால் மேசை தெரிந்தது. பாட்டில் காலி.

"குடிச்சிட்டியா?"

"அப்பவே. காப்பியும் கருகின ரொட்டியும் கலந்த மாதிரி. நல்லாத்தான் இருந்துச்சு."

"வாயத் தொற. எரியுதா? வழுக்குச்சா?"

"இல்லியே..."

"தொறக்கறப்ப சத்தம் வந்துச்சா? யோசிச்சுச் சொல்லு."

"புஸ்ஸுன்னு பொங்கிச்சு! சட்டையெல்லாம் நுரை. அதனாலதான் குளிக்கவே போனேன். எதுக்கு அண்ணி அழறீங்க?"

காஸ்டிக் கலந்தால் பீரில் இருக்கும் வாயுவை அது தின்றுவிடும். பொங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இவனுடையது பொங்கியிருக்கிறது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனபோது கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். நாக்கும் உள்கன்னமும் வெந்து வெளுத்திருந்தன. தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், "மேல்தோல்தான் வெந்திருக்கு. ஆழமா போகல. ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அவள் வராந்தாவுக்கு வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காலையிலேயே நாற்பது பெட்டிகள் ஏழு கடைகளுக்குப் போய்விட்டன. ஆறாவது மூக்கில் நின்றது முதல் பாட்டிலோடு தீர்ந்ததா, அடுத்ததிலும் வடிந்ததா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்நேரம் யாரோ ஒருவர் தம்ளரில் ஊற்றி, நுரை இல்லையே என்று யோசித்துக்கொண்டிருக்கலாம்.

தாடிக்கு அடித்து, அவர் எடுத்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "ஆறாவது பிடியத் தூக்கினேனான்னு ஞாபகம் இல்ல சார். தூக்காமயே டிக் போட்டிருக்கேன்."

"ஒதுக்கி வெச்சத எதுக்கு வீட்டுக்குக் கொண்டு போன?"

"எல்லாரும் கொண்டு போறதுதான் சார்."

"நீ கொண்டு போகலேன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது." மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது. "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? நான் வண்டி எடுக்கறேன். கடைங்களுக்கு நீயும் போன் பண்ணு, உடனே."

அன்று சாயங்காலத்துக்குள் பெட்டிகள் திரும்பின. பதினான்கு பாட்டில்கள் மட்டும் விற்றிருந்தன. கடைக்காரர்கள் வாசலில் எழுதி ஒட்டினார்கள். வாங்கியவர்களில் தெரிந்த முகங்களைத் தேடிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினொன்று வந்து சேர்ந்தன. திங்கட்கிழமை அவளும் தாடியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்தார்கள். ஒவ்வொரு மூடிக்கும் அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். புஸ், புஸ், புஸ். இருநூற்றுச் சொச்சம் தாண்டியபிறகு ஒன்று மெல்ல முனகி அடங்கியது. காரம் பார்க்கும் காகிதத்தை அதில் நனைத்தார்கள். நீலமாக மாறியது. யாரும் வாங்காமல், ஒரு கடையின் மேல்தட்டில் இருந்துவிட்டு வந்த பாட்டில். தாடி அதைத் தனியாக வைத்துவிட்டு, அடுத்த பாட்டிலை எடுத்தார்.

வேலை போகவில்லை. ஒரு மாதம் கிடங்கில் பெட்டி அடுக்கினாள்; பிறகு பழையபடி எந்திரத்துக்கே வந்தாள். கணவருக்கு நாக்குத் தேற மூன்று வாரமாயிற்று. அதுவரை ஆறிய கஞ்சிதான். "இனிமே நீ சொல்ற மாதிரி மோந்துதான் பாப்பேன்" என்று குழறிக் குழறிச் சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

விற்றதில் மீதி மூன்று பாட்டில்கள் மட்டும் வரவே இல்லை. யாரும் புகார் சொல்லவில்லை, எந்த ஆஸ்பத்திரியும் கூப்பிடவில்லை. நல்ல பாட்டில்களாகத்தான் இருந்திருக்கும் என்று தாடி சொல்கிறார். கணவரும் அதையேதான் சொல்கிறார். இருந்தும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அவள் எடுக்காமல் விடுவதில்லை. எடுத்து, மறுமுனையில் பேசுபவரின் குரல் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் கவனிக்கிறாள்.